அத்தியாயம் 7: கிருமி தங்காத பரப்பு

புதுச்சேரியில் ஒரு வீட்டை நல்லபடியாக வைத்திருப்பது என்றாலே ஈரத்தோடு மல்லுக்கட்டுவதுதான். கிழக்கே கடல், காற்றில் உப்பு, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. மழை இல்லாத நாளிலும் விடிகாலையில் மாடிக் கைப்பிடிச் சுவர் பிசுபிசுக்கும். ஈரம் நிற்கிற இடத்தில் பாக்டீரியா குடியேறும். அதன் பின்னாலேயே பாசியும் பூஞ்சணமும் வந்து சேரும். குளியலறை டைல்ஸ் இடுக்கில் இளஞ்சிவப்பாகப் படர்வதும், வாளியின் உட்புறம் விரல் வழுக்குவதும், மாடித் தொட்டியின் சுவரில் சளிபோல் ஒட்டியிருப்பதும் பெரும்பாலும் பாக்டீரியா கட்டிய படலம்தான்.

இந்தப் படலம் படியாமல் தடுக்க எந்த இடத்தில் எதைப் பூசலாம், எதைப் பூசக்கூடாது, பூசியதை எப்படிப் பராமரிப்பது என்பதே இந்த அத்தியாயம். சுவர், உலோகம், தண்ணீர்த் தொட்டி, சமையலறையும் குளியலறையும் என நான்கு இடங்களைப் பார்ப்போம். கடைசியில், கடையில் விற்கும் 'ஆன்டிபாக்டீரியல்' பெயிண்டின் டப்பாவை எப்படிப் படிப்பது என்பதும், ஆண்டு முழுமைக்குமான வேலைப் பட்டியலும் இருக்கின்றன.

தொடங்கும் முன் ஒரு விதியை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். எந்தப் பூச்சும் தன்மேல் நேரடியாகப் படுகிற கிருமியைத்தான் தடுக்கும். பூச்சுக்கும் கிருமிக்கும் நடுவே எண்ணெய்ப் பிசுக்கோ தூசியோ உப்புப் படிவோ வந்துவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் அது வேலை செய்யாது. இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு யோசனையும் இந்த விதியிலிருந்து பிறந்ததே.

படலம் எப்படி உருவாகிறது

ஈரமான பரப்பில் வந்து விழும் பாக்டீரியா, சில மணி நேரத்துக்குள் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். முதலில் அந்தப் பிடி தளர்வாக இருக்கும். ஒரு துணியால் துடைத்தாலே போய்விடும். விட்டுவிட்டால் அவை பெருகி, தங்களைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளும் புரதமும் கலந்த பசையைச் சுரந்து, அதற்குள் புதைந்து வாழ ஆரம்பிக்கும். நாம் கையில் உணரும் வழுவழுப்பு இந்தப் பசைதான். குளோரின் போன்ற கிருமிநாசினி இந்தப் பசையைத் தாண்டி உள்ளே போவதற்குள் வலுவிழந்துவிடும். அதனால்தான் வழுக்கும் பரப்பில் மருந்தை ஊற்றினால் மட்டும் போதாது. தேய்த்து எடுத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

சொரசொரப்பான பரப்பு இன்னும் வசதி செய்து கொடுக்கும். கடலோரத் தெருக்களில் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினமாகவும் உப்பாகவும் இருக்கும். குழாய் முனையிலும் ஷவரிலும் வாளியிலும் வெள்ளையாகப் படியும் சுண்ணப் படிவின் சின்னஞ்சிறு குழிகளில் பாக்டீரியா பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும். ஆகவே உப்புப் படிவை நீக்குவதும் கிருமித் தடுப்பு வேலையே.

பூச்சுகள் மூன்று வழிகளில் இதைத் தடுக்கின்றன. தொட்ட கிருமியைக் கொல்வது ஒன்று; சுண்ணாம்பு, செம்பு, வெள்ளி இந்த வகை. ஒட்டவே விடாமல் செய்வது இன்னொன்று. தாமரை இலையில் நீர் ஒட்டாததற்கு, அதன் மேலுள்ள நுண்ணிய மொக்குகளும் அவற்றின்மேல் படிந்த மெழுகுமே காரணம் என்று ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1990-களில் விளக்கினார். நீர் ஒட்டாப் பூச்சுகள் பலவற்றுக்கு அதுதான் முன்மாதிரி. அமெரிக்காவில் கப்பலின் அடியில் பாசி பிடிப்பதைத் தடுக்க வழி தேடிய ஆய்வில், சுறாத் தோலின் வரிகளைப் பார்த்துச் செய்த நுண்வரிப் பரப்பும் இதே குடும்பம்தான். மூன்றாவது, பரப்பை உலர்வாக வைத்திருப்பது. மூச்சு விடும் சுவர்ப்பூச்சு அந்த வகை. வீட்டைப் பொறுத்தவரை இந்த மூன்றாவது வழிதான் செலவு குறைந்தது, நீண்ட நாள் நிற்பது.

சுவர்: சுண்ணாம்பே முதல் மருந்து

புதுச்சேரியின் பழைய வீடுகள், வைசியாள் வீதியின் திண்ணை வீடானாலும் கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சு மாளிகையானாலும், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பியவை. சுவருக்குள் புகுந்த ஈரம் மேற்பூச்சு வழியாக ஆவியாகி வெளியேறும்படி அவை கட்டப்பட்டிருக்கின்றன. ஆண்டுதோறும் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் அழகுக்காக மட்டும் இருந்ததல்ல.

கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதைத் தண்ணீரில் நீற்றினால் கால்சியம் ஹைட்ராக்சைடு. அதன் கார அளவு, பி.எச். கணக்கில், சுமார் 12.4. அவ்வளவு காரத்தில் பெரும்பாலான பாக்டீரியா பிழைக்காது. அமெரிக்காவில் கழிவுநீர்க் கசடை வயலில் போடும் முன், சுண்ணாம்பு சேர்த்து பி.எச். அளவை 12-க்கு உயர்த்தி 2 மணி நேரமும், பிறகு 11.5-க்குக் குறையாமல் 22 மணி நேரமும் வைத்திருக்க வேண்டும் என்பது ஒரு அங்கீகரிக்கப்பட்ட முறை. மலக் கசடையே அடக்குகிற மருந்து, நம் கொல்லைப்புறச் சுவருக்குத் தாராளமாகப் போதும்.

இந்தக் காரம் என்றைக்கும் நிற்காது. அடித்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி சுண்ணாம்புக் கல்லாக இறுகும். அப்போது காரம் இறங்கிவிடும். அதன்பிறகு அந்தச் சுவருக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி இல்லை. ஆனால் ஈரத்தை வெளியே விடும் குணம் தொடரும். வருடத்துக்கு ஒருமுறை புதிதாக அடிக்கச் சொல்வதன் காரணம் இதுவே.

*உங்கள் சுவர் எந்த வகை?* ஒரு கை தண்ணீரைச் சுவரில் தெளித்துப் பாருங்கள். சுவர் உடனே குடித்து நிறம் மாறினால் சுண்ணாம்புப் பூச்சு அல்லது டிஸ்டெம்பர். முத்து முத்தாக உருண்டு வழிந்தால் மேலே எமல்ஷனோ எனாமலோ இருக்கிறது. எமல்ஷன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரில் புட்டி வைத்து, பிரைமர் அடித்து, எமல்ஷன் பூசியிருந்தால் கீழ்ப்பகுதியில் கொப்புளம் கிளம்பியிருக்கும். பெயிண்டுக்குப் பின்னால் சிக்கிய ஈரம் செய்யும் வேலை அது. அந்தக் கொப்புளத்தை விரலால் பிட்டுப் பாருங்கள்: உள்ளே ஈர மணல்போல் உதிரும் பூச்சும், ஊசி ஊசியாக உப்பும், கருப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணமும் இருக்கும்.

*முதலில் ஈரத்தின் வழியை அடையுங்கள்.* மாடித் தளத்தில் தண்ணீர் தேங்குகிறதா, மழைநீர்க் குழாய் உடைந்திருக்கிறதா, சுவரை ஒட்டிப் பூச்செடிப் பாத்தி இருக்கிறதா என்று பாருங்கள். தரையிலிருந்து ஓதம் ஏறும் சுவரில் சிமென்ட் பூசி அடைக்கப் பார்க்காதீர்கள். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் உயரே ஏறும். கடற்கரைச் சாலையில் 1870-களில் எழுந்த மேரி கட்டடம் 2014 நவம்பரில் கனமழையில் இடிந்து விழுந்ததை இந்த ஊர் பார்த்திருக்கிறது. பராமரிப்பில்லாத பழைய சுவருக்குள் தண்ணீர் புகுவது அழுக்குப் பிரச்சினையோடு முடிவதல்ல.

*சுண்ணாம்பு அடிக்கும் முறை:*

1. உப்புப் பூத்த இடத்தை உலர்ந்த பிரஷால் துடைத்து, விழும் தூளை அள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும்.

2. பாசியும் பூஞ்சணமும் உள்ள இடத்தைச் சுரண்டுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிந்த நீரைப் பூசி, அரை மணி நேரம் விட்டு, துடைத்துக் காயவிடுங்கள். பூஞ்சணம் சுரண்டும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

3. சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி வேண்டாம். இரும்பு டிரம் அல்லது மண்தொட்டி நல்லது. நீற்றியதைத் தண்ணீர் மூடியிருக்கும்படி இரண்டு வாரமாவது ஊறவிட்டால் நன்றாகக் குழையும்.

4. மெல்லிய துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரையுங்கள். கெட்டியாக அடித்தால் காய்ந்ததும் பொரிந்து உதிரும்.

5. ஒட்டுவதற்கு வஜ்ஜிரமும் கஞ்சியும் சேர்ப்பது பழக்கம். ஓதம் உள்ள சுவருக்குக் கஞ்சி வேண்டாம். அது பூஞ்சணத்துக்குத் தீனியாகும். உப்பு சேர்க்கும் வழக்கமும் சில ஊர்களில் உண்டு. கடலோரத்தில் அதைத் தவிருங்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்.

6. நிறம் வேண்டுமானால் மஞ்சள் காவி, செங்காவி போன்ற மண் நிறங்களைச் சேருங்கள். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்குபவை அவை. வெண்மை பளிச்சென்று தெரிய ஒரு சிட்டிகை நீலம் போதும்.

7. அடிக்கும் முன் சுவரை லேசாக நனையுங்கள். சுள்ளென்ற வெயிலில் அடிக்காதீர்கள். காலையிலோ நிழல் வந்த பிறகோ அடியுங்கள். ஒரு கைக்கும் மறு கைக்கும் நடுவே ஒரு நாள் விடுங்கள். புதுச் சுவருக்கு நான்கு, ஐந்து கை. வருடாந்தர வேலைக்கு இரண்டு கை. ஈரமாக இருக்கும்போது ஒன்றுமே அடிக்காததுபோல் தெரியும். காயக் காய வெண்மை ஏறும்.

*எச்சரிக்கை:* சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் இந்த வேலையில் இறக்காதீர்கள். கூலிக்கு வருபவருக்கும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் இமையைத் திறந்து ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தேய்க்கக்கூடாது. குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் நீற்றும் தொட்டியைத் திறந்து போடாதீர்கள்.

சுண்ணாம்பு எங்கே பொருந்தாது? தினமும் தண்ணீர் அடிக்கும் குளியலறைச் சுவர், எண்ணெய் தெறிக்கும் அடுப்படிச் சுவர், முதுகு சாய்க்கும் கூடத்துச் சுவர். இந்த இடங்களுக்கு வேறு வழி கீழே வருகிறது. கொல்லை, மாட்டுக் கொட்டகை, கோழிக்கூடு, கழிவறையின் வெளிச்சுவர், மாடிக் கைப்பிடி, சரக்கு அறை ஆகியவற்றுக்குச் சுண்ணாம்பைவிட நல்லதும் மலிவானதும் கிடையாது.

செம்பு, பித்தளை, ஈயப் பூச்சு

2008-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, செம்பையும் செம்பு அதிகமுள்ள கலவைகளையும் கிருமிகொல்லும் பரப்பு என்று பதிவு செய்தது. தவறாமல் சுத்தம் செய்துவந்தால் 2 மணி நேரத்தில் 99.9 சதவீதத்துக்கு மேல் பாக்டீரியாவைக் கொல்லும் என்பது அந்தப் பதிவில் அனுமதித்த வாசகம். செம்பு அயனிகள் பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைப்பதே இதன் அடிப்படை. பித்தளையிலும் செம்புதான் பெரும்பங்கு.

பழைய புதுச்சேரி வீடுகளில் கதவுக் குமிழ், தாழ்ப்பாள், ஜன்னல் கம்பிப்பிடி எல்லாம் பித்தளை. பழுது பார்க்கும்போது அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்டீல் பிடி வைப்பவர்கள் பலர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கை அடிக்கடி படும் இடத்தில் பித்தளையை வைத்த முன்னோர்கள், நல்ல பொருளை நல்ல இடத்தில் வைத்துப் போயிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. பித்தளை பளபளப்பு மங்காமலிருக்க மேலே லாக்கர் அடித்து விற்கிறார்கள். அந்தக் கண்ணாடிப் படலத்தின்மேல் கை படும்போது செம்பைத் தொடுவதே இல்லை, கிருமியும் தொடுவதில்லை. அமெரிக்கப் பதிவிலும் மெழுகு, பெயிண்ட், லாக்கர், வார்னிஷ் எதுவும் பூசக்கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. உங்கள் பித்தளைக் குமிழ் வருடக்கணக்கில் நிறம் மாறாமல் அப்படியே மின்னுகிறது என்றால் லாக்கர் இருக்கிறது என்று பொருள். தின்னரால் துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். பிறகு புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கழுவித் துடைத்துவிடுங்கள். கடற்காற்றில் பித்தளை சீக்கிரம் கறுக்கும். கறுத்த பித்தளையும் கிருமியைக் கொல்லும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பித்தளை கொல்லாது. எனவே தினமும் மினுக்க வேண்டியதில்லை, சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போதும்.

குடிநீருக்குச் செம்புப் பாத்திரம் பற்றி இந்தியாவிலேயே ஆய்வு நடந்திருக்கிறது. 2012-இல் வெளியான பெங்களூரு ஆய்வு ஒன்றில், காலரா, டைபாய்டு, சீதபேதிக் கிருமிகளையும் ஈ.கோலியையும் தண்ணீரில் கலந்து செம்புக் குடத்தில் அறை வெப்பத்தில் 16 மணி நேரம் வைத்தார்கள். பிறகு அந்தக் கிருமிகளை அதிலிருந்து வளர்த்தெடுக்க முடியவில்லை. தண்ணீரில் இறங்கிய செம்பும் உலக சுகாதார நிறுவனம் சொன்ன வரம்புக்குள்ளேயே இருந்தது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்பது அந்த வரம்பு. நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தில் வேறு ஆதாரம் இல்லாதபோது அனுமதிக்கும் உச்ச அளவு 1.5 மில்லிகிராம்.

ஆகவே இரவு நிரப்பி மறுநாள் காலையில் குடியுங்கள். நாள்கணக்கில் வைத்திருக்க வேண்டாம். எலுமிச்சைச் சாறு, மோர், ரசம் எதையும் வெறும் செம்பிலோ பித்தளையிலோ வைக்கக்கூடாது. புளிப்பு பட்டால் செம்பு அளவுக்கு மீறி இறங்கி, குமட்டலும் வாந்தியும் வரும். வார்ப்புப் பித்தளையில் கடைசல் சுலபமாக இருக்கச் சிறிது காரீயம் சேர்ப்பதுண்டு; குடிநீர் ஊற்றி வைக்கப் பித்தளையைவிடச் செம்பே நல்லது.

இங்கேதான் ஈயப் பூச்சு வருகிறது. சமையல் பித்தளைக்குக் கலாய் பூசுபவர் வேலை செய்வதைக் கூர்ந்து பார்த்தால் பூச்சுக் கலையின் அடிப்படை முழுக்கப் புரியும். பாத்திரத்தின் உட்புறத்தை மணலும் புளியும் போட்டுத் தேய்த்து, பச்சை உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்கிறார். கரி அடுப்பில் துருத்தி ஊதி, பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிச் சூடேற்றுகிறார். நவச்சாரப் பொடியைத் தூவினதும் வெள்ளைப் புகை குப்பென்று எழும். எஞ்சிய அழுக்கும் துருவும் அதில் கரைகின்றன. ஈயத் துண்டை ஓர் இழுப்பு இழுத்ததும் அது பாதரசமாக உருகி ஓடும். பஞ்சு உருண்டையால் அதைச் சுற்றிலும் துடைத்த கணத்தில் மஞ்சள் பாத்திரம் உள்ளே வெள்ளியாகிறது. உடனே தண்ணீரில் முக்கி எடுக்கிறார். நேரத்தில் பெரும்பகுதி சுத்தம் செய்வதிலேயே போகிறது. எந்தப் பூச்சுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

கலாய் பூசக் கொடுக்கும்போது வெள்ளீயம்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காரீயமோ, காரீயம் கலந்த சால்டர் கம்பியோ உணவுப் பாத்திரத்தில் படவே கூடாது. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. கலாய் பூசிய பாத்திரம் புளிப்பைத் தாங்கும். ஆனால் செம்பின் கிருமிக்கொல்லும் குணம் அதில் இருக்காது, ஏனென்றால் செம்பு மறைந்துவிட்டது. சமைக்கக் கலாய் பூசியது, தண்ணீருக்கு வெறும் செம்பு என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மஞ்சள் எட்டிப் பார்த்ததும் மறுபடி கலாய்க்குக் கொடுக்க வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி

மாடியில் கருப்புத் தொட்டி வைத்தால் பாசி வராது என்பது உண்மை; வெளிச்சம் இல்லாமல் பாசி வளராது. பாக்டீரியாவுக்கு வெளிச்சம் தேவையில்லை. அதனால் கருப்புத் தொட்டியின் உட்சுவரிலும் படலம் படியும். உள்ளடுக்கில் கிருமித்தடுப்புப் பொருள் சேர்த்த தொட்டிகள் கடைகளில் உண்டு. அவற்றை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அடியில் மண்டியும் சுவரில் உப்பும் படிந்த பிறகு அந்த உள்ளடுக்கைத் தண்ணீர் தொடுவதே இல்லை. எந்தத் தொட்டியானாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவியாக வேண்டும்.

தரைக்கடியில் உள்ள சிமென்ட் சம்ப்புக்கு, வெள்ளை டைல்ஸ் பதிப்பது அல்லது குடிநீர்த் தொட்டிக்கென்றே தயாரித்த எபாக்ஸி பூசுவது நல்லது. சாதாரண எபாக்ஸி பெயிண்ட் உள்ளே போகக்கூடாது. பூச்சு முழுக்க இறுக எத்தனை நாள் என்று டப்பாவில் இருக்கும். அந்த நாள் முடியும்வரை தண்ணீர் விடாதீர்கள். முதல் முறை நிரப்பிய தண்ணீரை வெளியே கொட்டிவிடுங்கள். விரிசலும் கசிவும் உள்ள சுவரில் மேலே பூசிப் பயனில்லை. முதலில் விரிசலை அடையுங்கள்.

*1,000 லிட்டர் தொட்டியைக் கழுவும் முறை:*

1. தண்ணீரை வடித்துவிட்டு, நைலான் பிரஷால் சுவர், அடி, மூடியின் உட்புறம் எல்லாவற்றையும் தேயுங்கள். விரலால் தடவினால் வழுக்கல் இல்லாமல் கரகரவென்று இருக்க வேண்டும். இரும்பு நார் வேண்டாம். கீறல் விழுந்த இடத்தில் அடுத்த படலம் இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

2. மண்டியை வெளியேற்றி, இரண்டு முறை அலசுங்கள்.

3. பிளீச்சிங் பவுடர் 170 கிராம் எடுத்து, ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிடுங்கள். 30 சதவீதக் குளோரின் உள்ள பவுடருக்கு இந்த அளவு லிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம் குளோரின் தரும். பொட்டலம் பிரித்து வைத்த பழைய பவுடர் நம் ஊர்ச் சூட்டில் வீரியம் இழந்திருக்கும், புதிதாக வாங்குங்கள்.

4. தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, நிரப்புங்கள். வீட்டுக் குழாய் ஒவ்வொன்றையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். குழாய்களுக்குள்ளும் படலம் உண்டு. பலர் மறப்பது இதைத்தான்.

5. 24 மணி நேரம் அப்படியே விடுங்கள். அந்த நேரத்தில் யாரும் குடிக்கவோ சமைக்கவோ கூடாது; வேறு தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புங்கள். வடிக்கும் தண்ணீரைச் செடிகளுக்கு விடாதீர்கள்.

சம்ப்புக்குள் ஆள் இறங்குவதாக இருந்தால் மூடியை வெகுநேரம் முன்பே திறந்து காற்றோட்டம் விடுங்கள். மேலே ஒருவர் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே எபாக்ஸி பூசும்போது விசிறி வைத்துக் காற்றை வெளியே இழுக்காமல் யாரையும் இறக்காதீர்கள்.

தொட்டி மூடி இறுக்கமாக இருக்கட்டும். காற்றுக் குழாயின் வாயில் மெல்லிய வலை கட்டுங்கள். கொசு உள்ளே நுழையாமல் தடுப்பதும் அதே வலைதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட விரும்புவது வீட்டிலுள்ள நல்ல தண்ணீரில். குழாய் முனையில் தண்ணீர் வந்து சேரும்போது குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் குளோரின் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி வைத்தால் தெருவுக்கே உதவும்.

சமையலறை, குளியலறை

சமையல் மேடையில் கடப்பா கல் இருந்தால் கவனம் வேண்டும். அது சுண்ணாம்புப் பாறை வகை. எலுமிச்சையும் புளியும் வினிகரும் அதை அரிக்கும். அரித்த இடம் மங்கலாகி, நுண்துளை விட்டு, மீன் கழுவிய நீரைக் குடித்துவைத்துக்கொள்ளும். புளிப்பு சிந்தினால் உடனே துடையுங்கள். கல்லுக்குள் ஊறி நீரை விலக்கும் சீலர் போடலாம். உணவு படும் மேடைக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். மேடைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கால் மணி நேரத்தில் கல் கறுத்தால் சீலர் தேய்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். மீன், கறிக்கு ஒரு பலகை, காய்கறிக்கு ஒரு பலகை என்று தனித்தனியாக வைத்திருப்பது எந்தக் கிருமித்தடுப்புப் பலகையைவிடவும் பயன் தரும்.

குளியலறையில் டைல்ஸைவிட இடுக்குதான் சிக்கல். சிமென்ட் பூசிய இடுக்கு தண்ணீரைக் குடிக்கும். எபாக்ஸி கிரவுட் குடிக்காது. புதிதாக டைல்ஸ் போடும்போதே எபாக்ஸி கிரவுட் கேளுங்கள். செலவு கூடத்தான் செய்யும், இடுக்கில் சிவப்பும் கருப்பும் ஏறாது. குளித்து முடித்ததும் வைப்பரால் தண்ணீரை வழித்துவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். வாளியையும் மக்கையும் கவிழ்த்து வையுங்கள்.

உப்புக்கறை போக ஆசிட் ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் படவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிரைக் குடிக்கும். உப்புக்கறைக்கு வினிகரோ எலுமிச்சையோ போதும். அதையும் நன்றாகக் கழுவிவிட்டு, வேறொரு நாளில் பிளீச்சிங் பவுடரை எடுங்கள்.

'ஆன்டிபாக்டீரியல்' டப்பாவைப் படிப்பது எப்படி

கடையில் வெள்ளி அயனி சேர்த்த எமல்ஷன், 99 சதவீதம் கிருமியைக் கொல்லும் லேமினேட், டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய டைல்ஸ் என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். இவை பொய் என்று ஒதுக்க வேண்டியதில்லை. எந்தச் சூழலில் சோதித்தார்கள் என்று தெரிந்து வாங்குங்கள்.

பெரும்பாலும் குறிப்பிடப்படும் சோதனை ஐ.எஸ்.ஓ. 22196. 5 சென்டிமீட்டர் சதுரத் துண்டின்மேல் பாக்டீரியா கலந்த நீரை விட்டு, மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடி, 35 டிகிரி சூட்டில், 90 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதத்தில் 24 மணி நேரம் வைப்பார்கள். அதாவது பரப்பு முழு நாளும் நனைந்தே இருக்கிறது. மேலே தூசியும் பிசுக்கும் இல்லை. வெள்ளி அயனி வெளிப்பட ஈரம் வேண்டும். காய்ந்த கூடத்துச் சுவரில் ஒருவர் கை வைத்துவிட்டுப் போன பத்து நிமிடத்தில் அதே பலன் கிடைக்காது. டைட்டானியம் டை ஆக்சைடு வேலை செய்யப் புற ஊதா ஒளி வேண்டும். வெயில் படாத குளியலறையில் அதற்குக் கொடுக்கும் காசு வீண்.

99 சதவீதம் என்ற எண்ணையும் அளந்து பாருங்கள். 1,00,000 பாக்டீரியா இருந்த இடத்தில் 1,000 மிச்சம். ஈரமும் அழுக்கும் இருந்தால் அந்த ஆயிரம் சில மணி நேரத்தில் பழைய கணக்கை எட்டிவிடும்.

விற்பவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: எந்தச் சோதனை, எத்தனை மணி நேரத்தில்? வேலை செய்யும் பொருள் எது? எத்தனை முறை கழுவிய பிறகும் பலன் நிற்கும்? இது காப்பது பெயிண்டையா, வீட்டிலுள்ளவர்களையா? கடைசிக் கேள்வி முக்கியமானது. பல பொருள்களில் கிருமித்தடுப்பு மருந்து சேர்ப்பது, அந்தப் பெயிண்டோ பிளாஸ்டிக்கோ கெட்டு நாறாமல் இருக்கத்தான். அது நோயைத் தடுக்கும் என்று சொல்வதற்கு அமெரிக்காவில் தனியாகப் பதிவு வேண்டும். டிரைக்ளோசான் என்ற மருந்தை ஒரு காலத்தில் சோப்பிலிருந்து வெட்டும் பலகைவரை சேர்த்தார்கள். சாதாரண சோப்பைவிட அது நல்லது என்பதற்குச் சான்று இல்லை என்று 2016-இல் அமெரிக்க அரசு கைகழுவும் சோப்புகளிலிருந்து அதை விலக்கியது. தேவையில்லாத இடத்தில் கிருமிக்கொல்லி பூசினால், அதைத் தாங்கிப் பிழைக்கும் கிருமிகளுக்கு நாமே இடம் கொடுத்தவர்களாவோம்.

மருத்துவமனை, கிளினிக், முதியோர் இல்லம், தீவிர நோயாளி இருக்கும் அறை ஆகியவற்றில் இத்தகைய பூச்சுகளுக்கு இடம் உண்டு. ஆரோக்கியமானவர்கள் வாழும் வீட்டில், கழுவத்தக்க நல்ல எமல்ஷனும் ஒரு வாளி சோப்புத் தண்ணீரும் அதே வேலையைச் செய்யும்.

புதுச்சேரி வீட்டின் ஓராண்டு வேலை

*தை, மாசி:* மழை ஓய்ந்து சுவர் காய்ந்திருக்கும். சுண்ணாம்பு அடிக்க இதுவே காலம். உப்புப் பூத்த இடங்களைத் துடையுங்கள், தொட்டியைக் கழுவுங்கள்.

*சித்திரை, வைகாசி:* வெயிலில் தண்ணீர் சூடேறும்; எஞ்சிய குளோரின் சீக்கிரம் போய்விடும். குளோரின் சோதனையை வாரம் ஒருமுறை செய்யுங்கள். எபாக்ஸி பூச்சு, கிரவுட் வேலைகளை இப்போது முடியுங்கள். ஈரமில்லாத சுவரில்தான் அவை பிடிக்கும்.

*ஆடி, ஆவணி:* மறுபடி தொட்டி கழுவும் முறை. கலாய் தேய்ந்த பாத்திரங்களைக் கொடுத்துப் பூசி வாங்குங்கள். மேடைக் கல்லின் சீலரைச் சோதியுங்கள்.

*புரட்டாசி:* மாடித் தளத்தைப் பெருக்கி, மழைநீர்க் குழாய்களில் அடைத்திருக்கும் இலை தழைகளை எடுங்கள். தள ஓட்டின் விரிசலை அடையுங்கள். மழைக்கு முன் இதைச் செய்யாத வீட்டில் மற்ற எந்தப் பூச்சும் நிற்காது.

*ஐப்பசி முதல் மார்கழிவரை:* எதையும் புதிதாகப் பூசாதீர்கள். ஜன்னலைத் திறக்க முடிகிற நேரமெல்லாம் திறந்து வையுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். எந்தச் சுவர் நனைகிறது, எவ்வளவு உயரம் ஓதம் ஏறுகிறது என்று பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். தை மாதம் கொத்தனார் வரும்போது வேலையை எங்கே தொடங்க வேண்டும் என்பதை அந்தக் கோடுகளை வைத்து முடிவு செய்யலாம்.